தொப்புள் ஆறாத சுறா

சுறாக்குட்டிக்குத் தொப்புள் உண்டு. மீனவர் ஊரில் பிறந்தவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. தோலை உரித்துத் துண்டு போட்டுக் கொடுக்கும் கடையில் வாங்கிப் பழகியவர்களுக்குத்தான் வியப்பாக இருக்கும். முழங்கை நீளமுள்ள ஒரு பால்சுறாவை எடுத்து மல்லாக்கப் போட்டுப் பாருங்கள். மார்புத் துடுப்புகள் இரண்டுக்கும் நடுவே சின்னதாக ஒரு கீறல் தெரியும். தாயின் வயிற்றுக்குள் இருந்தபோது கொடி ஒட்டியிருந்த இடம் அது. பிறந்து சில வாரங்களில் அந்தக் கீறல் மூடித் தழும்பாகும். பிறகு தழும்பும் மறைந்துபோகும். கீறல் இன்னும் திறந்திருந்தால் அந்தக் குட்டி பிறந்து அதிக நாள் ஆகவில்லை. தாய் அதை ஈன்ற இடமும் வெகு தூரத்தில் இருக்க வாய்ப்பில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கீறலைப் பற்றியது.

மண்டபத்தூர் காரைக்கால் மாவட்டத்தின் வடகோடியில் இருக்கும் மீனவர் ஊர். நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் தரங்கம்பாடிக் கோட்டை. மூன்று பக்கமும் தமிழ்நாட்டு மண்ணும் ஒரு பக்கம் கடலுமாக, புதுச்சேரி ஆட்சிப் பரப்பின் ஒரு துண்டு. நிலத்தில் இந்த எல்லையை ஒரு பலகை காட்டிவிடும். கடலில் அப்படி எதுவும் இல்லை. காவிரியின் கிளைகள் கொண்டுவந்து கொட்டும் வண்டலால் ஆனது இங்கே கடலடித் தரை. கரையிலிருந்து நெடுந்தூரம் வரை ஆழம் மெல்ல மெல்லத்தான் கூடும். நீர் கலங்கலாக இருக்கும். இறாலும் கூனியும் பொடிமீனும் அதில் நிறைய. பெரிய மீன்கள் கரையோரம் வந்து துரத்துவது குறைவு. பிள்ளை பெற ஒரு தாய்ச் சுறா இடம் தேடினால் எதையெல்லாம் பார்க்குமோ, அத்தனையும் இப்படிப்பட்ட கழிமுகக் கடலில் உண்டு. உலகம் முழுவதும் ஆழம் குறைந்த கரைக்கடலிலும் ஆற்றுவாயிலும்தான் பல சுறா இனங்கள் குட்டி போட்டுவிட்டுப் போகின்றன. குட்டிகள் அங்கேயே தின்று வளர்ந்து, உடம்பு முற்றிய பிறகு ஆழத்துக்கு இறங்குகின்றன.

ஒரு மத்தி மீன் ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுறாவின் கணக்கு வேறு. பால்சுறாவை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ ஓராண்டு சுமந்து, பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டி வரை ஈனும். சுத்தியல் தலை கொண்ட கொம்பன் சுறாவில் ஓர் இனம் ஒரே ஈற்றில் இருபது, முப்பது குட்டிகள்கூடப் போடும். ஆனால் அந்தத் தாய் முதன்முறை கருத்தரிக்கவே பத்துப் பதினைந்து வயதாகும், உடம்பு இரண்டு மீட்டரைத் தாண்டியிருக்க வேண்டும். ஆக, சுறா மீன்தான் என்றாலும் பெருகும் முறையில் ஆட்டையோ மாட்டையோ போன்றது. வருஷத்துக்கு இத்தனை ஈற்று, ஈற்றுக்கு இத்தனை உயிர் என்று எண்ணிவிடலாம். மந்தையை வைத்திருக்கும் எவரும் சினை ஆட்டையும் பால்குட்டியையும் முதலில் வெட்டமாட்டார். கடலில் நாம் அதைத்தான் செய்துவருகிறோம்.

பத்தியச் சோறு

என் அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்த மாதங்களில் எங்கள் அடுக்களையில் சுறா வாசனை ஓயவே இல்லை. குழந்தை பிறந்த சில நாளிலேயே அம்மா கூடைக்காரப் பெண்மணியிடம் சொல்லிவைத்துவிட்டாள்: பால்சுறா வந்தால் வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம், நேரே இங்கே கொண்டுவா. வந்த சுறாவை மஞ்சள்தூள் போட்டு வேகவைத்து, சுரசுரவென்று மணலொட்டியதுபோல இருக்கும் தோலை உரித்து, நடுமுள்ளை உருவி, கையால் உதிர்த்து, ஒட்டப் பிழிந்துவிடுவாள். பிழியாவிட்டால் நெடி போகாது. சுறாவின் சதையில் யூரியா உண்டு. கடல்நீரின் உப்புக்கு ஈடுகொடுக்க அது தன் உடம்பில் சேர்த்துவைத்திருப்பது; செத்த பிறகு அதுதான் அம்மோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும். அதன் பிறகு சின்ன வெங்காயமும் பூண்டும் நிறையப் போட்டு வதக்கி, உதிர்த்த சுறாவைக் கொட்டிக் கிளறினால் புட்டு. தாய்க்குப் பால் ஊறும் என்று கொடுத்தார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தின்றேன். அந்த ருசி நாக்கில் இன்றும் இருக்கிறது. அதை மறைத்து இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

ஆகவே சுறாப்புட்டைப் பழித்துப் பேச வரவில்லை. வேறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்றைக்குப் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போன பண்டம் அது. மற்ற நாளில் ஏழைவீட்டுக் கருவாடு. இப்போது அது நகரத்து உணவகங்களின் சிறப்பு உணவு. நெடுஞ்சாலையோரக் கடையிலும், குளிரூட்டிய சாப்பாட்டுக் கூடத்திலும், வாரக் கடைசியில் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். புட்டுக்குப் பெரிய சுறா ஆகாது, நார் தட்டும், இளசுதான் வேண்டும். எந்த இனத்தின் குட்டியாக இருந்தாலும் சந்தையில் அதற்குப் பெரும்பாலும் ஒரே பெயர்தான்: பால்சுறா. அந்தக் குவியலுக்குள் உண்மையான பால்சுறாவும் இருக்கும். வளர்ந்தால் ஆள் உயரத்தைத் தாண்டக்கூடிய வேறு இனங்களின் கைக்குழந்தைகளும் இருக்கும். தோல் உரிந்த பிறகு எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது.

தாய்மார்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலில் கலக்கும் பாதரசம் சிறுமீனிலிருந்து பெருமீனுக்கு, ஒவ்வொரு படியிலும் செறிந்துகொண்டே ஏறுகிறது. வேட்டையாடி உண்ணும் சுறாவில் அது அதிகம் சேரும். வயதும் உடலும் கூடக்கூட இன்னும் அதிகம். கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் அறவே தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சுறாவைச் சேர்த்திருக்கிறது. இளங்குட்டியில் பாதரசம் குறைவுதான். ஆனால் புட்டுக்கு அவ்வளவு நம்பிக்கையோடு சுறாவைத் தேடுகிறவர்கள், அதிலுள்ள புரதம் மத்தியிலும் நெத்திலியிலும் குறைவில்லாமல் கிடைக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

பூம்புகாரில் நட்ட கொம்பு

மண்டபத்தூரிலிருந்து கரையோரமாகவே வடக்கே நடந்தால் தரங்கம்பாடியைக் கடந்து பூம்புகாருக்குப் போய்ச் சேரலாம். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த ஊர்ப் பரதவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் எழுதிவைத்திருக்கிறார். அவர் காட்டும் காட்சி ஒன்று என்னை விடாமல் துரத்துகிறது. முழுநிலா நாள். பரதவர் மீன்பிடிக்கப் போகவில்லை; தொழிலை நிறுத்திவிட்டு உண்டும் ஆடியும் கழிக்கிறார்கள். மனையில் ஒரு கொம்பை ஊன்றி, அதில் தெய்வம் உறைவதாகக் கருதி வழிபடுகிறார்கள். அது சுறாவின் கொம்பு. எந்தச் சுறா? கருவுற்ற சுறா. புலவர் அந்தச் சொல்லை விடாமல் சேர்த்திருக்கிறார்.

கொம்புள்ள சுறா என்றால் இன்று நாம் வேளா என்று சொல்லும் மீன்தான். தலையிலிருந்து முன்னால் நீண்ட பலகைபோல வாள்; அதன் இரு ஓரத்திலும் ரம்பப் பற்கள். விலங்கியல் கணக்கில் அது திருக்கைக் கூட்டத்தைச் சேர்ந்தது, தோற்றத்தில் சுறா. அதுவும் குட்டி போடும் மீன்; ஆற்றுவாயிலும் கழிமுகத்திலும் வாழ்வதை விரும்பும். அந்த வாளே அதற்கு எமனாகிவிட்டது. எந்த வலையாக இருந்தாலும் பல் சிக்கிக்கொண்டால் விடுபட வழியில்லை. எனவே வேளாவைத் தேடிப் பிடிக்கவே தேவையில்லாமல் போனது; மற்ற மீனுக்குப் போட்ட வலையில் அதுவாகவே வந்து மாட்டிக்கொண்டு தீர்ந்தது. இன்று உலகெங்கும் வேளா இனங்கள் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. இந்தியச் சட்டத்தில் புலிக்கும் யானைக்கும் என்ன காப்போ அதே காப்பு வேளாவுக்கும் உண்டு. ஆனால் இந்தக் கரையில் இருபது வயதுப் பையனிடம் உயிருள்ள வேளாவைப் பார்த்தாயா என்று கேட்டால், அவன் தாத்தாவைத்தான் கைகாட்டுவான்.

பட்டினப்பாலைக் காட்சியை வைத்துக்கொண்டு நம் முன்னோர் சூழலியல் அறிந்திருந்தார்கள் என்று மார்தட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. அவர்களும் சினைச் சுறாவைக் கொன்றுதான் கொம்பை எடுத்தார்கள். ஆனால் அஞ்சினார்கள். கருவுற்றிருந்த உயிர் ஒன்றைக் கொன்றோம் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. அந்தக் கொம்பில் அணங்கு இருப்பதாக நினைத்தார்கள். மாதத்தில் ஒரு நாளாவது கடலைச் சும்மா விட்டார்கள்.

பெயர் மட்டும் மிஞ்சிய மீன்

புதுச்சேரி என்று பெயர் தாங்கிய ஒரு சுறா உண்டு. காரைக்காலும் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், இந்தக் கரையில் பிடித்த சில மீன்கள் சாராயத்தில் ஊறவைக்கப்பட்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. அவற்றைப் பார்த்து 1839-ல் ஜெர்மானிய அறிஞர்கள் ஜோஹன்னஸ் மியூலரும் யாகோப் ஹென்லேயும் ஒரு புது இனத்தை விவரித்தார்கள். உயிரியல் பெயர் கார்காரைனஸ் ஹெமியோடான். புழக்கப் பெயர், பாண்டிச்சேரிச் சுறா.

பெரிய மீன் அல்ல. கிடைத்தவற்றில் பெரும்பாலானவை ஒரு மீட்டருக்கும் குறைவானவை. மேலே சாம்பல், அடியில் வெள்ளை. மார்புத் துடுப்பின் நுனியிலும் முதுகின் இரண்டாம் துடுப்பிலும் வால் நுனியிலும் மை தொட்டதுபோலக் கறுப்பு. உலகத்து அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து இந்த இனத்தின் மாதிரிகள் இருபதுகூட இல்லை. அவற்றிலும் பெரும்பாலானவை 1900-க்கு முன் பிடித்தவை. கடைசியாக இந்தியாவில் உறுதியாகப் பதிவானது 1979-ல். அதன் பிறகு அங்கே கண்டோம், இங்கே கண்டோம் என்று செய்திகள் வந்தனவே தவிர எதுவும் ஐயமற நிலைக்கவில்லை.

அந்த மீனை யாரும் குறிவைத்து அழிக்கவில்லை என்பதுதான் இதில் மனதை அறுக்கும் விஷயம். அதற்கென்று தனி வலை இல்லை. தனி விலை இல்லை. மீனவர் நாவில் தனிப் பெயர்கூட இருந்ததாகத் தெரியவில்லை. மற்றவற்றோடு சேர்ந்து கூடையில் போய், கருவாடாகி, எண்ணாமலே தீர்ந்துபோனது. 2001-ல் நடுவண் அரசு அதைக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தபோது, அது கடைசியாகக் கண்ணில் பட்டு 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எப்படிக் குறைந்தது

சுறாவுக்கு முதலில் விலை வைத்தது அதன் ஈரல். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவிலிருந்து காட் மீன் எண்ணெய் வரத்து நின்றபோது, வைட்டமின் ஏ-க்காகச் சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் தயாரித்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்த அந்த எண்ணெயின் நாற்றத்தை நினைவில் வைத்திருந்த முதியவர்களை என் தலைமுறை பார்த்திருக்கிறது. செயற்கை வைட்டமின் வந்ததும் அந்தத் தேவை ஓய்ந்தது.

அடுத்து வந்தது பீலி. சுறாவின் துடுப்பைக் காயவைத்து, சென்னை வழியாக ஹாங்காங்குக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பினார்கள். அங்கே கல்யாண விருந்தில் சூப். நம் கரையில் இறைச்சிக்குக் கிடைத்ததைப்போல் பல மடங்கு விலை துடுப்புக்குக் கிடைத்தது. குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் ஆயிரங்கால் தூண்டிலோடு குஜராத் வரை, லட்சத்தீவு தாண்டி, வாரக்கணக்கில் கடலில் தங்கிச் சுறா பிடித்தார்கள். இந்தியாவில் அவர்களைப்போல் சுறாவை அறிந்தவர்கள் இல்லை. ஆழ்கடலில் பல நூறு மீட்டர் கீழே வாழும் பச்சைக்கண் சுறாக்களையும் அவர்கள் தொட்டார்கள். அவற்றின் ஈரலிலுள்ள ஸ்குவாலீன் அழகுப் பொருள் தொழிலுக்குத் தேவைப்பட்டது. அந்தச் சுறா ஒரு ஈற்றில் ஒன்றோ இரண்டோதான் ஈனும். 1980-களில் மாலத்தீவில் அதைத் தேடிப் போனவர்கள் சில ஆண்டுகளிலேயே கைவிட வேண்டியதாயிற்று, அவ்வளவு வேகமாகத் தீர்ந்தது. மாலத்தீவு 2010-ல் எல்லாச் சுறாப் பிடிப்பையும் தடைசெய்தது. அதற்குள் உயிரோடிருக்கும் சுறாவைப் பார்க்க வரும் சுற்றுலாக்காரர்கள் அந்த நாட்டுக்கு நல்ல வருமானமாகியிருந்தார்கள்.

ஆனால் மண்டபத்தூர் போன்ற ஊர்களின் கடலில் கதையை மாற்றியது பீலியல்ல, ஈரலுமல்ல. இழுவலை. தரையை வழித்துக்கொண்டு வரும் மடியில் இறாலுக்குப் போனாலும் சுறாக்குட்டி வரும், உழுவை வரும், திருக்கை வரும். 2004 சுனாமியில் கடலோரம் மொத்தமும் உருக்குலைந்த பிறகு, நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் பல ஊர்களில் அலைக்கு முன்பு இருந்ததைவிட எண்ணிக்கையில் கூடிப்போயின. இழந்தவர்களுக்குப் படகு கொடுத்ததைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தப் படகுகள் எல்லாம் ஒரே கரையோரக் கடலில்தான் வலை விரிக்க வேண்டியிருந்தது. நைலான் நரம்பு வலை மலிவாகிவிட்டது. சுருக்குமடி வலை தொடர்பாக ஊர்களுக்குள் மூண்ட சண்டை இன்னும் அணையவில்லை. 2023-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், 12 கடல் மைலுக்கு வெளியே, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தது.

கணக்குகளைப் பார்க்கலாம். 1998-ல் இந்தியக் கரைகளில் இறக்கப்பட்ட சுறா, திருக்கை, உழுவை வகைகள் சுமார் 75,000 டன், அதுவே உச்சம். பிறகு படகும் எஞ்சினும் வலையும் பெருகப் பெருக, வந்த மீன் மட்டும் பாதியை நோக்கி இறங்கியது. உலக அளவில், 2021-ல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, திறந்த கடலில் வாழும் சுறாக்களும் திருக்கைகளும் 1970-லிருந்து 71 விழுக்காடு குறைந்துவிட்டதாகச் சொன்னது. அவற்றின்மேல் விழும் மீன்பிடி அழுத்தம் அதே காலத்தில் 18 மடங்கானது. டைனோசருக்கு முன்பே, மரங்கள் தோன்றும் முன்பே கடலில் இருந்த கூட்டம் இது. இப்போது அதன் இனங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அழியும் அபாயத்தில் இருக்கின்றன.

பீலி வணிகத்தின்மேல் மட்டும் பழியைப் போட்டுப் பேசுவது நமக்குப் பழகிப்போனது. சீனர் சூப் குடிக்கிறார், அதனால் சுறா அழிகிறது என்று சொல்லிவிட்டால் நம் தட்டு சுத்தமாகிவிடும். திவ்யா கர்நாட், தீபானி சுதாரியா, ரீமா ஜபாடோ ஆகியோர் 2020-ல் வெளியிட்ட ஆய்வு இந்த நினைப்பை உடைத்தது. இந்தியாவில் சுறா பிடிப்பை இன்று தாங்கி நிற்பது உள்ளூர் இறைச்சிச் சந்தை என்று அவர்கள் காட்டினார்கள். பெரிய சுறா அரிதாகிப் பீலிக்கு ஏற்ற மீன் கிடைக்காத இடத்திலும் பிடிப்பு நிற்கவில்லை. சிறியதைத் தின்ன ஆள் இருக்கிறது. அந்த ஆள் நாம்தான்.

சட்டம் எட்டிய தூரம்

2001 ஜூலையில் நடுவண் அரசு ஒரே அறிவிப்பில் சுறா, திருக்கை எல்லாவற்றையும் பிடிக்கக் கூடாது என்றது. தூத்தூரிலும் கேரளத்திலும் கொதித்தார்கள். தலைமுறையாக ஒரே தொழில். முன்கூட்டி ஒரு சொல் கேட்கவில்லை. மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அரசு பின்வாங்கிப் பட்டியலைப் பத்து இனங்களாகச் சுருக்கியது. திமிங்கலச் சுறா, வேளா, கங்கைச் சுறா, புதுச்சேரிச் சுறா, உழுவையில் ஒன்று என்று அந்தப் பட்டியல் போகும். 2013-ல் துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசக் கூடாது, துடுப்பு உடலோடு ஒட்டியே கரைக்கு வர வேண்டும் என்றார்கள். 2015 பிப்ரவரியில் பீலி ஏற்றுமதி தடையானது. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டு, காப்புப் பெற்ற இனங்களின் வரிசை நீண்டது. முதல் அட்டவணை மீனைப் பிடித்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. அதே 2022-ல் பனாமாவில் கூடிய, காட்டுயிர் வணிகத்துக்கான சைட்டீஸ் மாநாடு, சந்தைக்கு வரும் பெரும்பாலான சுறாக்களை உள்ளடக்கிய ஒரு முழுக் குடும்பத்தையே உலக வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

இவை தேவையற்றவை என்று சொல்லவில்லை. திமிங்கலச் சுறாவை இன்று யாரும் துணிந்து சந்தைக்குக் கொண்டுவருவதில்லை என்றால் அது சட்டத்தால்தான். ஆனால் மண்டபத்தூரில் விடியற்காலையில் வலையை இழுப்பவருக்கு இந்தப் பட்டியல் எப்படிப் போய்ச் சேரும்? அதில் உள்ளவை லத்தீன் பெயர்கள். அவருக்குத் தெரிந்தவை பால்சுறா, கொம்பன், உழுவை. ஒரு கொம்பனுக்கும் இன்னொரு கொம்பனுக்கும் வேறுபாடு முன்நெற்றியில் உள்ள ஒரு பள்ளத்தில் இருக்கிறது. வலைக்குள் செத்துக் கிடக்கும் மீனைக் கரைக்குக் கொண்டுவந்தால் குற்றம், கடலில் வீசினால் நட்டம். சட்டம் வணிகத்தைப் பிடிக்கிறது. வலையில் தற்செயலாகச் சிக்குவதை அதனால் பிடிக்க முடியவில்லை. காப்புப் பட்டியலில் இல்லாத இனத்தின் தொப்புள் ஆறாத குட்டியை ஏலம் போடுவதை எந்தச் சட்டமும் இன்றுவரை இந்தக் கரையில் தடுக்கவில்லை.

பிறந்த வீட்டு மகள்

குஜராத்தில் வேறு விதமாக நடந்தது. 1990-களில் வேராவல் பக்கத்துக் கடலில் திமிங்கலச் சுறாவைக் கொக்கி போட்டு இழுத்துவந்து வெட்டினார்கள். ஈரல் எண்ணெயைப் படகின் மரத்துக்குப் பூசினார்கள், இறைச்சி ஏற்றுமதியானது. மைக் பாண்டே எடுத்த ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ ஆவணப்படம் அதை உலகுக்குக் காட்டியது. 2001-ல் தடை வந்தது. தடையோடு நின்றிருந்தால் தூத்தூரில் நடந்ததுதான் அங்கும் நடந்திருக்கும். 2004-ல் இந்தியக் காட்டுயிர் அறக்கட்டளையும் கூட்டாளிகளும் ஊர் ஊராகப் போனார்கள். கதை சொல்லும் ஆன்மிகப் பேச்சாளர் மொராரி பாபு மீனவர்களிடம் பேசினார்: இந்த மீன் வேற்றாள் அல்ல, பிரசவத்துக்குப் பிறந்த வீடு தேடி வரும் மகள். அதற்கு ‘வ்ஹாலி’ என்று பெயர் வைத்தார். அன்புக்குரியவள் என்று பொருள். வீட்டுக்கு வந்த மகளை யார் வெட்டுவார்கள்?

பேச்சோடு விடவில்லை என்பதுதான் முக்கியம். வலையை அறுத்து மீனை விட்டால் அந்த வலைக்கு அரசு இழப்பீடு கொடுத்தது, 25,000 ரூபாய் வரை. விடுவித்ததற்குச் சான்றாக மீனவர்களே படமெடுத்து அனுப்பலாம் என்றானது. அதிகாரி வரும்வரை மீன் வலையில் கிடந்து சாக வேண்டியதில்லை. அப்படி நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்கள் கடலுக்குத் திரும்பின. மகள் என்ற சொல் மனத்தைத் திறந்தது. இழப்பீடு கையைத் திறந்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் காரியம் நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

நமக்கும் மகள் கதைக்குப் பஞ்சமில்லை. மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் காரைக்கால் பகுதியின் தென்புறத்துத் திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். அவரைத் தோளில் சுமக்கும் மீனவர்கள் ‘மாப்பிள்ளை’ என்று உரிமையோடு அழைக்கிறார்கள். பத்மினித் தாயார் தங்கள் குலத்துப் பெண் என்பது அவர்கள் நம்பிக்கை. பெருமாளையே மாப்பிள்ளையாக்கிக்கொண்ட கரை இது. பிள்ளைப்பேற்றுக்கு வரும் உயிரிடம் எப்படி நடந்துகொள்வது என்று இந்தக் கரைக்கு வெளியாள் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. சுறாவும் அப்படி வருவதுதான் என்பதை மட்டும் யாராவது நினைவூட்டியாக வேண்டும்.

இழப்பீட்டுக்கும் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 2022-ல் தமிழ்நாடு அரசு தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையில் சிக்கிய கடற்பசுவை விடுவிக்கும் மீனவர்களுக்கு அங்கே ஊக்கத்தொகை கொடுக்கிறார்கள். அந்தக் கை இன்னும் கொஞ்சம் வடக்கே நீண்டால் போதும்.

ஆனால் நீள்வதில் ஒரு சிக்கல். மண்டபத்தூருக்கு வடக்கே தமிழ்நாட்டுச் சட்டம், மண்டபத்தூரில் புதுச்சேரிச் சட்டம், வாஞ்சூர் தாண்டித் தெற்கே மறுபடி தமிழ்நாட்டுச் சட்டம். கேரளத்தில் 2015 முதல் பல மீன் இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவு விதித்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் பிடிக்கக் கூடாது, விற்கக் கூடாது. சுறாக்குட்டிக்கும் அப்படியொரு அளவு வேண்டும். புதுச்சேரி மட்டும் விதித்தால் குட்டிகள் நண்டலாற்றைத் தாண்டி ஏலமாகும். தமிழ்நாடு மட்டும் விதித்தால் காரைக்காலுக்கு வந்து சேரும். இரண்டு அரசுகளும் ஒரே நாளில், ஒரே அளவில் செய்தால்தான் பயன். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தை இரண்டும் ஒன்றாகத்தானே கடைப்பிடிக்கின்றன?

அளவு விதித்துவிட்டால் மட்டும் போதாது. குட்டிகள் எந்த மாதத்தில், எத்தனை பாக ஆழத்தில், எந்தச் சேற்றுத் தரையில் கிடைக்கின்றன என்பது தெரிந்தால், அந்த இடத்தில் அந்த மாதங்களில் மட்டும் நரம்பு வலை போடாமல் இருக்கலாம். கடல் முழுவதையும் மூட வேண்டியதில்லை. யார் பிழைப்பும் ஆண்டு முழுக்க நிற்காது. எந்த வலையை எங்கே போடுவது, எப்போது கூடாது என்று இந்த ஊர்ப் பஞ்சாயத்துகள் தலைமுறைகளாக முடிவெடுத்து வந்திருக்கின்றன. அப்படி ஒரு முடிவு ஊரிலிருந்தே வந்தால் காவலுக்கு ஆள் வேண்டாம்.

குட்டிகள் எங்கே, எப்போது கிடைக்கின்றன என்ற தகவல் எந்த ஆய்வகத்திலும் இல்லை. ஏலம் நடக்கும் மணலில் தினமும் குவிந்து, ஒரு மணி நேரத்தில் கலைந்துபோகிறது. ஆகவே என் வேண்டுகோள் சிறியது. மண்டபத்தூர் ஏலத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். பள்ளி முடித்த பிள்ளைகளில் இரண்டு பேர், கொஞ்சம் சம்பளம். குட்டிச் சுறா வந்தால் மல்லாக்கத் திருப்பி, தொப்புள் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, நீளம் எவ்வளவு, வலை எத்தனை பாகத்தில் போட்டது, என்ன தேதி என்று எழுத வேண்டும். சினைச் சுறா வந்தால் அதையும். வலையில் மாட்டிய அதிர்ச்சியில் சில தாய்ச் சுறாக்கள் படகிலேயே குட்டி போட்டுவிடுவது உண்டு. மாதம் நிறைந்த குட்டியானால் பிறந்த கணமே நீந்தத் தெரியும். அப்படிக் கடலில் விட்ட குட்டிகளுக்கும் நோட்டில் ஒரு பத்தி இருக்கட்டும். இரண்டு ஆண்டு எழுதினால், இந்தக் கடலின் பேறுகால அறை எங்கே இருக்கிறது என்று ஊரே சொல்லிவிடும்.

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு படம் ஒட்ட வேண்டும். சாம்பல் நிற முதுகு, நீண்ட கூரிய மூக்கு, மார்புத் துடுப்பு நுனியிலும் முதுகின் இரண்டாம் துடுப்பிலும் வாலிலும் கறுப்பு, ஒரு மீட்டர் அளவு. புதுச்சேரிச் சுறா. படத்துக்குக் கீழே தேதி, ஊர், பிடித்தவர் பெயர் என்று மூன்று கோடுகள், வெறுமையாக.